வாடாத பாத்தி

நேற்று திருக்கோகர்ணத்தில் டவுன் பஸ்ஸுக்கு நின்றபோது, பக்கத்தில் ஒரு அம்மாள் பச்சைக் கடலையை அவித்துக்கொண்டிருந்தார். அந்த வாசனை மூக்கில் ஏறியதுமே எனக்கு மாரிமுத்து மேல் கோபம் வந்துவிட்டது. இத்தனை வருஷத்துக்கு அப்புறமும்! சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

புதுக்கோட்டை ராஜா சமஸ்தானமாக இருந்த காலத்தில், அன்னவாசல் பக்கம் இருந்த கடலை ஆராய்ச்சிப் பண்ணைக்கு நான்தான் மேலாளர். பட்டம்தான் பெரிது. எனக்குக் கீழே ஆறு பேர், ஒரு கிணறு, பள்ளிக்கூடத்தில் இரவல் வாங்கிய நாற்காலி ஒன்று. வெள்ளிக்கிழமைதோறும் சைக்கிள் மிதித்துப் புதுக்கோட்டை போய், பெரிய அதிகாரியிடம் வார அறிக்கையை நேரில் கொடுக்க வேண்டும். அவர் கூப்பிடும்வரை வராந்தாவில் காத்துக் கிடப்பேன். தூணில் சாய்ந்து தூங்கிப்போய், பியூன் தட்டி எழுப்பிய நாள்களும் உண்டு. வெள்ளிக்கிழமைகளில் பண்ணை மாரிமுத்துவின் பொறுப்பு. ஆறு பேரில் மூத்தவர். என் வலது கை என்று ஊரெல்லாம் பெருமையடித்துக்கொண்டிருந்தேன்.

புது ரகக் கடலையை மூன்று வருஷம் மழையை மட்டும் நம்பி வளர்த்துப் பார்ப்பதுதான் எங்கள் வேலை. கிணற்றுத் தண்ணீர் ஒரு சொட்டு விடக்கூடாது. சுற்றிலும் புஞ்சைக் கொல்லைகளில் கடலை சுருண்டு படுத்தபோதும், எங்கள் பாத்தி பச்சென்று நின்றது. தலைகால் புரியாமல் அறிக்கை எழுதினேன். விதையை ஊர் ஊராகக் கொடுக்க உத்தரவு வந்தது.

கொடுத்த அன்று, உழுது பிழைக்கும் சம்சாரிகள் முண்டியடித்து வாங்கினார்கள். மாரிமுத்துவுக்கும் சொந்தக் கொல்லை உண்டு. அவருக்கென்று ஒரு மூட்டை எடுத்து வைத்திருந்தேன். அவர் தொடவில்லை.

"எனக்கு வேணாங்கய்யா."

"ஏன் மாரிமுத்து, ஒங்க கையால வளந்த வெதைதானே?"

தலையைக் குனிந்துகொண்டார். "வாடுறப்பல்லாம் நான் தண்ணி ஊத்துனேனுங்க. நீங்க டவுனுக்குப் போற அன்னைக்கு. ஈரம் தெரியாம மேல புழுதியத் தள்ளி விட்டுருவேன். பயிரு வாடி நிக்கிறதப் பாத்துக்கிட்டு எப்பிடிங்க சோறு திங்கிறது?"

அடப்பாவி மனுஷா! பயிருக்கு இரங்கிய மனசு, மூட்டை தூக்கிக்கொண்டு போன சம்சாரிக்கு இரங்கவில்லையே. தன் கொல்லைக்கு மட்டும் வேண்டாமாம்!

உடனே அதிகாரியிடம் ஓடினேன். விதைப்புக்கு இன்னும் நாலு நாள் இருந்தது, ஊர்களுக்குச் சொல்லிவிடலாம். அவர் அசையவில்லை. "ரிப்போர்ட் அச்சுக்குப் போயாச்சு. காஞ்சா மழை மேல பழியப் போட்டுக்கலாம். வாயத் தொறந்தீங்கன்னா பண்ணைய இழுத்து மூடிருவாங்க, ஏழு பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்" என்றார். என் வீட்டிலும் சின்னக் குழந்தைகள். நான் வாயைத் திறக்கவில்லை. இதைச் சொல்ல இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

அந்த வருஷம் மழை பொய்த்தது. கொல்லையெல்லாம் கருகிற்று. மேற்பார்வை சரியில்லை என்று அதே அதிகாரி என் மேலேயே குறிப்பு எழுதி, என்னைக் கீழ்ப்பதவிக்கு இறக்கினார். ஒரு சம்சாரி காய்ந்த செடியோடு வந்து, "ஒங்க வார்த்தைய நம்பித்தானே வெதச்சோம்" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

பண்ணை இருந்த இடத்தில் இப்போது வீட்டு மனைகள். கிணற்றைத் தூர்த்துவிட்டார்கள். மாரிமுத்துவும் போய்ச் சேர்ந்தார், அதிகாரியும் போய்ச் சேர்ந்தார். பதவி இறங்கிய பிறகும் ரொம்ப வருஷம் அதே ஊர்களில்தான் வேலை பார்த்தேன். போன வீட்டிலெல்லாம் உட்காரச் சொன்னார்கள், மோர் கொடுத்தார்கள். விதை மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.