வாசலில் நின்ற புங்கங்கட்டை

புயலில் எங்கள் வாசல் புங்கமரம் சாய்ந்தபோது மாநகராட்சி ஆட்கள் வந்து மரத்தை அறுத்து எடுத்துப் போனார்கள். அடிக்கட்டையை விட்டுவிட்டார்கள். அது வாசல்படிக்கு எதிரே முழங்கால் உயரத்துக்கு நின்றது. அதன் வேர்கள் சந்தின் சிமெண்டுத் தரையைத் தூக்கிப் பிளந்திருந்தன. சுற்றிக்கொண்டு நடக்கப் பழகிவிட்டோம்.

பிறகு என் மனைவி மீன் மார்க்கெட்டில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டாள். ஆபரேஷன் முடிந்து வாக்கரோடு வீட்டுக்கு வந்தாள். வெளியே போய் நடக்க வேண்டும், இல்லாவிட்டால் கால் மடங்காமல் போய்விடும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அவள் அடுப்படியிலிருந்து வாசல் வரை நடப்பாள். படியில் நின்று கட்டையைப் பார்ப்பாள். திரும்பிவிடுவாள்.

"அந்த வேரு கீதே, வாக்கரு மாட்டிக்கினா குப்புற வுழுவேன். யாரு தூக்குறது? நீ யார்டுல கீற."

நான் கன்டெய்னர் யார்டில் சங்கிலி கட்டுகிற வேலை செய்கிறேன். அதிகம் பேச வராது. எங்கள் இருவருக்கும் சேர்த்து அவள்தான் பேசுவாள். சந்து முழுக்க அவள் குரல் கேட்கும். அவள் உள்ளே உட்கார்ந்த பிறகு வீடு எனக்குச் சரியாக இல்லை. அவள் மறுபடி வெளியே வர வேண்டும். அதற்குக் கட்டையை எடுத்தாக வேண்டும்.

கட்டையில் விட்டிருந்த துளிர்களை அரிவாளால் வெட்டினேன். வெட்டிய இடத்தில் கொத்தாக வந்தன, செம்பு நிறத்தில் பளபளவென்று. துளை போட்டுப் பெருங்காயம் வைத்தால் பட்டுப்போகும் என்று யார்டில் ஒருவர் சொன்னார். மளிகைக் கடையில் தூள் டப்பா வாங்கி, துளைகளை நிரப்பி, களிமண்ணால் அடைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்தார். படகு இன்ஜின் மெக்கானிக்.

"இன்னா மாமு, மரத்துக்கு சாம்பாரா வைக்கிற?"

"பட்டுப்போவும்னாங்க."

"சமையல் தூள்ல பாதி மாவு மாமு. நீ அதுக்கு சோறு ஊட்டிகினு கீற."

உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம். விழுந்ததிலிருந்து அவள் சிரித்து அன்றுதான் கேட்டேன். பெருங்காயம் வீணானது பெரிதாகத் தெரியவில்லை. கட்டைக்கும் ஒன்றும் ஆகவில்லை. இன்னும் நன்றாகவே துளிர்த்தது.

ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக், இன்ஜின் தூக்குகிற முக்காலியையும் அதில் மாட்டுகிற சங்கிலிக் கப்பியான செயின் பிளாக்கையும் கொண்டுவந்தார். கடப்பாரையால் சிமெண்டைப் பெயர்த்தோம். கீழே கடல் மணல், கிளிஞ்சல், அதற்குள் என் தொடை பருமனுக்கு வேர்கள். ஒவ்வொன்றாகக் கோடாலியால் வெட்டினேன். சங்கிலி கட்டுவது என் வேலை, அதை நானே கட்டினேன். மெக்கானிக் இழுக்க இழுக்க, கட்டை முனகிக்கொண்டு மேலே வந்தது. சந்தில் பிள்ளைகள் விசில் அடித்தார்கள். குழியில் மணல் கொட்டி, தண்ணீர் ஊற்றி மிதித்தேன்.

மறுநாள் அவள் படிக்கு வந்தாள். வெறும் தரையைப் பார்த்தாள்.

"பைக்கா வந்துகினு கீது, அப்பால பாத்துக்கலாம்" என்று திரும்பிவிட்டாள்.

அதற்கடுத்த நாள் நாயைச் சொன்னாள். கட்டை இருந்தவரை கட்டையைச் சொன்னாள், இப்போது வேறு எதையாவது தேடிக்கொண்டிருந்தாள். எனக்குப் புரிந்தது. அதை எப்படிக் கேட்பது என்றுதான் தெரியவில்லை.

மண்ணுக்குள் அறுபட்டுக் கிடந்த வேர்கள் சும்மா இருக்கவில்லை. சுவரோரம், சாக்கடை ஓரம் என்று சந்து நெடுகத் துளிர் விட்டன. வேலைக்குப் போகுமுன் தோண்டி எடுப்பேன். அவள் படியில் நின்று அதிகாரம் செய்வாள்.

"தோ, அங்க ஒண்ணு. மேலாக்க பிய்க்காதய்யா, அடியோட இழு."

ஒரு காலை, "கொழாயாண்ட செவப்பா இன்னாது?" என்றாள்.

"கவரு மே. பிளாஸ்டிக் கவரு."

"துளிருய்யா அது. உனக்குக் கண்ணு தெரில."

"கவருதான்."

என்னை நம்பாமல் வாக்கரைத் தூக்கிப் படிக்குக் கீழே வைத்தாள். குழியை மூடிய மணல் இன்னும் இறுகவில்லை. வாக்கரின் ஒரு கால் உள்ளே இறங்கியது. அவள் அப்படியே நின்றுவிட்டாள். முகம் வெளுத்தது. ஓடிப்போய்ப் பிடித்தேன்.

"பயமா கீதுய்யா" என்றாள், எனக்கு மட்டும் கேட்கும்படி.

"உள்ள போயிடலாமா?"

வாக்கரைக் காட்டினாள். "இத்த அப்பால வை. கைய குடு."

இத்தனை வருடத்தில் தெருவில் நாங்கள் கை கோத்ததில்லை. எனக்குக் கூச்சம். கோயில் கூட்டத்தில்கூட என் சட்டை நுனியைத்தான் பிடித்துக்கொண்டு வருவாள். வாக்கரைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கையைக் கொடுத்தேன். இறுக்கிப் பிடித்தாள். மணலைத் தாண்டினோம். சிமெண்டுத் தரை வந்ததும் மூச்சு விட்டாள்.

மெக்கானிக் பல் துலக்கியபடி, "ஐய, ஜோடிய பாரு!" என்று கத்தினார்.

"உன் பொண்டாட்டி கைய நீ புடி. வேணாம்னா சொல்றோம்?" சந்து முழுக்க அவள் குரல் கேட்டது.

குழாய் வரை போனோம். குனிந்து பார்க்க முடியாமல் நின்றபடியே பார்த்தாள்.

"கவருதான்" என்றாள்.

காது சூடேற, கையை மெல்ல இழுத்தேன். அவள் விடவில்லை.

"ரோட்டு மொனை வரைக்கும் வா" என்றாள். போனோம்.