ரச அண்டாவும் வேன் பிரேக்கும்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். ஆனாலும் திருவேற்காட்டில் கல்யாணச் சமையல் என்றால் முதலில் என்னைத்தான் கேட்பார்கள். இரண்டு அடுப்பில் தொடங்கி, சொந்த வேன் வாங்குகிற அளவுக்கு வந்தேன். யாரும் கைதூக்கி விடவில்லை. அந்த வேனின் பிரேக் கோளாறு எப்போது வரும் என்று கண்டுபிடித்ததும் நான்தான். மெக்கானிக் பாயையே கேட்டுப் பாருங்கள், ஒப்புக்கொள்வார்.

வேனை ஓட்டுவது என் மனைவியின் ஒரே தம்பி. ஒரு நாள் பாடி மேம்பாலத்தில் இறங்கும்போது, பிரேக் பெடல் காலுக்கடியில் மெல்ல மெல்ல உள்ளே போய்விட்டது என்று வந்து சொன்னான். காலை எடுத்து மறுபடி மிதித்ததும் பிடித்துக்கொண்டதாம். முன்னால் நின்ற பஸ்ஸுக்கும் வேனுக்கும் நடுவே ஒரு கைகூட நுழையாது என்றான்.

பூந்தமல்லி பாயிடம் வண்டியை விட்டோம். இந்தப் பக்கத்தில் அவரைவிட நல்ல மெக்கானிக் கிடையாது. நாலு சக்கரத்தையும் கழற்றிப் பார்த்தார். பிரேக் ஆயில் குறையவில்லை, எங்கேயும் ஒழுகவில்லை. ஓட்டிப் போய் ஓங்கி மிதித்தார், வண்டி நின்றது. திரும்பி வந்த வாரமே மறுபடி அதே புகார். மறுபடி பார்த்தார், மறுபடி ஒன்றுமில்லை.

“வண்டி கல்லு மாரி நிக்குது அண்ணாத்தே. உன் மச்சான் காலுக்குத்தான் ஆயில் மாத்தணும்” என்றார் பாய். பட்டறையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

மச்சான் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் சாவியை என் முன்னால் வைத்தான்.

“நா பொய் சொல்லல மாமா. பெடல் உள்ள போய்கினே கீது. வேற ஆள வெச்சிக்க.”

என் மனைவி வெங்காயம் உரிப்பதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். அவன் சொல்வது வெறும் பயம் என்றால் ஒன்றுமில்லை. நிஜமென்றால், அடுத்த முறை காலை எடுத்து இன்னொரு தரம் மிதிக்க இடம் இருக்குமா?

அவனை உட்காரவைத்துக் கேட்டேன். மண்டபத்துக்குப் போகும்போது வருகிறதா, திரும்பும்போதா? யோசித்துவிட்டு, போகும்போதுதான் என்றான். திரும்பும்போது ஒரு தடவைகூட வந்ததில்லையாம்.

அங்கேதான் பிடித்தேன். போகும்போது பின்னால் ரசம் இருக்கும். என் ரசம் மூடியைத் தாண்டித் தளும்பக் கூடாது. அது நான் போட்ட சட்டம். அதனால் அண்டா ஏறிவிட்டால் என் மச்சான் பிரேக்கை மிதிக்கவே மாட்டான். தூங்குகிற பிள்ளையின் முதுகில் கை வைப்பதுபோலக் காலை வைத்து, அப்படியே பிடித்திருப்பான். பட்டறையிலோ காலி வண்டி. யார் ஏறினாலும் ஓங்கி ஒரு மிதி.

இரண்டு அண்டாவில் தண்ணீரை நிரப்பி வேனில் ஏற்றினேன். பாயை வரவழைத்து, சொட்டுத் தண்ணீர் சிந்தாமல் ஓட்டச் சொன்னேன்.

“சோத்து வண்டி ஓட்டவா என்னக் கூப்ட்ட?” என்று முனகிக்கொண்டே ஏறினார்.

எங்கள் தெருவுக்குப் பின்னால் காலி மனைகளுக்கு நடுவே ஆளில்லாத ரோடு ஒன்று உண்டு. நான் பக்கத்தில் உட்கார்ந்து ஹேண்ட் பிரேக்கில் கை வைத்திருந்தேன். பாய் மெல்லக் காலை வைத்தார். வண்டி தயங்கியது, நிற்கவில்லை. அவர் முகம் மாறியது.

“அண்ணாத்தே, பெடல் உள்ள போவுது.”

ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். தண்ணீர் எங்கள் இருவர் முதுகிலும் வந்து கொட்டியது.

பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டரைப் பிரித்ததும் விஷயம் தெரிந்தது. உள்ளே இருக்கும் ரப்பர் தேய்ந்திருந்தது. ஓங்கி மிதித்தால் அது விரிந்து அடைத்துக்கொள்ளும். மெதுவாக அழுத்தினால் ஆயில் அதன் ஓரமாகவே பின்னால் நழுவிவிடும். அதனால்தான் வெளியே ஒழுகவில்லை. பாய் புதுசு போட்டுவிட்டு மச்சானின் தோளில் கை போட்டார். “உன் காலு நல்ல காலு நைனா” என்றார். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அடுத்த முகூர்த்தத்துக்கு ஐயப்பன்தாங்கல் போனோம். நானும் முன்னால் ஏறிக்கொண்டேன். பஸ் டெப்போ வாசலில் ஒரு பஸ் குறுக்கே திரும்பியது. மச்சான் காலை மெல்ல வைத்தான். பெடல் வைத்த இடத்திலேயே நின்றது, வண்டியும் நின்றது. சீட்டை இறுக்கிப் பிடித்திருந்த கையை அப்போதுதான் விட்டுச் சாய்ந்து உட்கார்ந்தேன்.

“இன்னா மாமா, தூக்கம் வர்தா?” என்றான்.

வந்தது. மண்டபம் வரும்வரை தூங்கினேன்.