எதிர்க்கம்பு

ஆடலின் வரலாறு பற்றிய ஆய்வரங்கு ஒன்று ஆண்டுதோறும் மட்டக்களப்பில் நடக்கும். சாய்ந்தமருதில் வாத்தியாராக இருந்த நான் அங்கே போய் எங்கள் ஊர்க் களிகம்பைப் பற்றிக் கட்டுரை வாசிப்பேன். ஆண்கள் வட்டமாக நின்று, கையிலுள்ள குட்டைக் கம்புகளை எதிரே நிற்பவரின் கம்புகளோடு அடித்து ஆடும் ஆட்டம் அது. நான் ஒருநாளும் ஆடியதில்லை. எனக்கும் தாளத்துக்கும் ஏழாம் பொருத்தம். எழுதுவது மட்டும் வரும்.

எண்பதுகளின் நடுவில் ஓர் ஆண்டு, ஆட்டத்தைச் செய்தும் காட்ட வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். பஸ்ஸில் போகும் இளவட்டங்களை ஆமி என்று நாங்கள் சொல்லும் ராணுவம் இறக்கிப் பிடித்து வைத்துக்கொள்கிற காலம். "கம்ப மட்டும் கொண்டு போங்க சேர்" என்று ஆட்டக்காரர்கள் நழுவிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நானும் பேசாமல் வீட்டில் இருந்திருக்கலாம். கட்டுரை எழுதியாயிற்றே என்ற வீம்பு. மனைவி கூட வந்தாள். பொம்பிளை பக்கத்தில் இருந்தால் ஆமிக்காரன் அவ்வளவாகக் கை வைக்க மாட்டான் என்று எல்லோரும் நம்பிய நாட்கள் அவை.

பாலத்தடிச் செக்பொயின்ட்டில் எல்லோரையும் இறக்கி வரிசையில் நிறுத்தினார்கள். என் பையைத் திறந்த ஆமிக்காரன் நான்கு கம்புகளையும் வெளியே எடுத்து, யாரை அடிக்க என்று அரைகுறைத் தமிழில் கேட்டான். இது ஆட்டத்துக்கு என்றேன்.

"ஆட்டம்? அப்ப ஆடு. பொய் எண்டா நீ அங்க." கையிலிருந்த துவக்கின் குழலால் காட்டினான். மணல் மூட்டைகளுக்குப் பின்னால் கை கட்டப்பட்ட சிலர் குந்தியிருந்தார்கள். அங்கே போனவர்கள் எல்லோரும் வீடு திரும்பவில்லை என்பது எங்களுக்குத் தெரியும்.

இரண்டு கம்புகளைப் பிடித்துக்கொண்டு நடுறோட்டில் குதித்தேன். எதிர்க்கம்பு இல்லாமல் அது ஆட்டமே இல்லை. என் கை காற்றில் போய் வந்தது. முதலில் சிரித்தவன் பிறகு சிரிப்பை நிறுத்தினான். வரிசையில் நின்றவர்கள் நிலத்தைப் பார்த்தார்கள். முன்னுக்கு வருகிற ஆம்பிளையையும் பிடித்து வைத்துக்கொள்வான் என்றால் யார்தான் வருவார்? அல்லாஹ்வைக் கூப்பிடக்கூட வாய் வரவில்லை.

மனைவி முக்காட்டை இறுக்கிச் செருகிக்கொண்டு வந்து, கீழே கிடந்த மற்ற இரண்டு கம்புகளையும் எடுத்தாள்.

"என்ட கையப் பாருங்க. மத்ததப் பாக்காதீங்க" என்றாள்.

அடித்தாள். குனிந்தாள், திரும்பினாள், மறுபடி அடித்தாள். என் கம்பு எங்கே தவறினாலும் அவள் கம்பு அங்கே வந்து நின்றது. துவக்கு மெல்லத் தாழ்ந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, போகச் சொல்லிக் கையை வீசினான்.

பஸ் மறுபடி புறப்பட்டது. உள்ளே பாதிப் பேர் கல்முனை, நிந்தவூர் ஆட்கள். எங்களை நன்றாகத் தெரிந்தவர்கள்.

"எங்க இத பழகின, புள்ள?" என்று அவளிடம் மெதுவாகக் கேட்டேன்.

"வாப்பாட வீட்டு வளவுலதானே களிகம்புக்காரங்க ஆடிப் பழகினாங்க. வேலிக்குள்ளால பாத்துப் பாத்து, நானும் தங்கச்சியும் அடுப்படியில அகப்பையால ஆடுவம்." ஆமிக்காரன் முன்னால் அஞ்சாதவள் அழுதுகொண்டே என் கையைப் பிடித்தாள். "தங்கச்சிக்குக் கலியாணம் பேசியிருக்கு. நடுறோட்டுல ஆடினவள்ற தங்கச்சி எண்டு கதைச்சா எல்லாம் குழம்பிரும். பஸ்ஸுல உள்ளவங்க சொன்னாலும், நீங்க ஒருத்தரிட்டயும் சொல்லிராதீங்க."

ஆய்வரங்கில் கட்டுரையை வாசித்து முடித்தேன். முன்வரிசையில் இருந்த பேராசிரியர் எழுந்தார்.

"இந்த ஆட்டத்தில் பெண்கள் பங்கு கொள்வதுண்டா?"

பின்வரிசையைப் பார்த்தேன். பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்த என் மனைவி, யாருக்கும் தெரியாதபடி வேண்டாம் என்று தலையை அசைத்தாள். கண்கள் என்னைக் கெஞ்சின.

"இல்லை. எங்கள் பெண்களுக்கு இது தெரியாது" என்றேன்.

பேராசிரியர் அதைக் குறித்துக்கொண்டு உட்கார்ந்தார். அப்போதுதான் அவள் முகத்திலிருந்த பயம் போனது.