எல்லா வரிகளிலும் அவன் பெயர்

எங்கள் மென்பொருளுக்கான கையேடு முழுவதும் நான் எழுதியது. வருடக்கணக்கான உழைப்பு. டீம் லீட் பதவி கேட்க என் கையில் இருந்ததும் அது ஒன்றுதான். அம்பத்தூர் எஸ்டேட்டில் இருந்த எங்கள் அலுவலகத்தில் டாக்குமென்ட் எழுதுகிறவனை யாரும் பெரிய ஆளாக மதிப்பதில்லை. வாடிக்கையாளர் போனில் கத்தும்போது மட்டும் தேடுவார்கள்.

அந்தக் கோப்புகளை, அவற்றைச் சேமித்து வைத்திருந்த எஸ்விஎன் என்ற பழைய மென்பொருளிலிருந்து கிட் என்ற புதியதற்கு மாற்றச் சொன்னார் அப்போதைய மேனேஜர். எந்த வரியை யார் எழுதினார், யார் திருத்தினார் என்று அந்த இரண்டு மென்பொருள்களுமே குறித்து வைத்திருக்கும். மாற்றும் வேலை என் நண்பனுக்குப் போனது. ஆவடிக்காரன். தினமும் காலையில் சேக்காட்டில் என்னை ஏற்றிக்கொண்டு வருவான். அவன் பைக்கின் பின்சீட்டில் உட்கார்ந்து என்னென்னவோ கொட்டியிருக்கிறேன், லீட் பதவி மேல் எனக்கிருந்த ஆசை உட்பட.

பழைய திருத்தங்களோடு சேர்த்து மாற்றப் பார்த்தபோது நடுவிலேயே நின்று நின்று போனது. அவன் சலித்துக்கொண்டான்.

"பழ்சு இன்னாத்துக்கு மச்சான்? கடைசியா கீறத மட்டும் ஏத்திடலாம். யாரு எழுதுனான்னு ஆபீஸ்ல தெரியாதா இன்னா?"

நானும் மாடு மாதிரி தலையாட்டினேன். மறுவாரமே எஸ்விஎன் இருந்த பழைய சர்வரைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

லீட் பதவிக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் நேரம் வந்தபோது மேனேஜர் மாறியிருந்தார். புதியவர் எங்கள் இருவரையும் ஒன்றாக உட்காரவைத்துக் கையேட்டைத் திரையில் திறந்தார். எல்லா வரிகளிலும் நண்பனின் பெயர். ஏற்றியவன் அவன், கிட்டுக்கு அவ்வளவுதான் தெரியும்.

"பிரமாதமா எழுதியிருக்கீங்க" என்றார் அவனிடம்.

நான் வாயைத் திறந்தால் பதவிக்காகப் புளுகுகிறேன் என்றாகும். அவன் சொன்னால்தான் எடுபடும். சொல்வான் என்று காத்திருந்தேன். அவன் பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மேனேஜர் ஒரு பக்கத்தைக் காட்டினார். "இந்த ஸ்டெப்புக்கு முன்னாடி சர்வீஸை நிறுத்தச் சொல்லியிருக்கீங்களே, ஏன்?"

அவன் திருதிருவென்று விழித்தான். பிறகு, எந்தச் சந்தேகத்துக்கும் திரும்புவதுபோல, என் பக்கம் திரும்பினான். பாழாய்ப்போன பழக்கம், என் வாய் தானாகத் திறந்துகொண்டது. நிறுத்தாவிட்டால் ஒரே பதிவு இரண்டு முறை ஏறிவிடும் என்று விளக்கமாகச் சொல்லி முடித்தேன்.

மேனேஜர் முகம் மலர்ந்து அவனைப் பார்த்தார்.

"டீமை நல்லா ட்ரெயின் பண்ணி வெச்சிருக்கீங்க."

"தேங்க்ஸ் சார்" என்றான்.