ரோஸ்மேரி விட்டுவிட்டுப் போன பூனைகள்

ரோஸ்மேரி திருப்பூருக்கு வந்தபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. சொந்த ஊர் சாத்தான்குளம் பக்கத்தில் ஒரு கிராமம். பனியன் கம்பெனியில் டெய்லருக்குத் துணி மடித்துக் கொடுக்கிற கைமடியாகத் தொடங்கி, பிசிறு வெட்டி, ஐந்தே வருடத்தில் செக்கிங் மேசைக்கு வந்துவிட்டாள். டியூப்லைட் வெளிச்சத்தில் பனியனை விரித்து உள்ளங்கையால் ஒருதரம் நீவினால் போதும். ஊசி குத்திய ஓட்டை, எண்ணெய்க் கறை எதுவும் அவளிடமிருந்து தப்பாது. "ரோஸ்மேரி பாத்த பெட்டிய மறுபடி திறக்க வேண்டாம்" என்று மேனேஜர் சொல்வார்.

கல்யாணப் பேச்சு இரண்டு முறை வந்தது, இரண்டு முறையும் நின்றது. மூன்றாவது முறை பேச்செடுத்த அண்ணனிடம், "எனக்கு இப்படியே நல்லாத்தான்ணே இருக்கு" என்று சொல்லிவிட்டாள். சமாதானத்துக்காகச் சொன்னதல்ல. அனுப்பர்பாளையம் பக்கம் ஒரு லைன் வீட்டில் கடைசி அறை அவளுடையது. ஞாயிற்றுக்கிழமை கோயில், கோயில் விட்டதும் மீன் கடை, மத்தியானம் தூக்கம். ஆறு அறைகள் கொண்ட அந்த லைன் வீட்டுக்குச் சொந்தக்காரி மயிலாத்தாள். மகன் புது பங்களா கட்டிக்கொண்டு போன பிறகும், முன்பக்கத்து ஓட்டு வீட்டை விட்டு நகரமாட்டேன் என்று தனியாக இருந்தாள்.

2003இல் ஒரு திங்கட்கிழமை காலை, கம்பெனி குடோனைத் திறந்தபோது வெட்டுத்துணி மூட்டைக்குள் இரண்டு பூனைக்குட்டிகள் கிடந்தன. இன்னும் கண் திறக்கவில்லை. தாய்ப்பூனையைக் காணோம். மத்தியானம் வரை பார்த்துவிட்டு, வாட்ச்மேன் வெளியே கொண்டுபோய்ப் போடத் தூக்கினார். ரோஸ்மேரி சாப்பாட்டுக் கூடையை நீட்டி, "இதுல போடுங்க" என்றாள்.

பனியன் துணியைத் திரிபோல் சுருட்டி, பாலில் நனைத்து வாயில் வைத்தால் குட்டிகள் உறிஞ்சின. கம்பெனியில் கேட்டுக்கொண்டு ஒரு வாரம் கூடையோடு வேலைக்குப் போனாள். கறுப்பு உடம்பும் கழுத்தைச் சுற்றி வெள்ளையுமாக இருந்தது கடுவன். அதற்குக் காலர் என்று பெயர் வைத்தாள். சாம்பல் நிறத்தில் கோடு கோடாக இருந்தது பெட்டை; அது ரிப் துணிபோலவே இருந்ததால் ரிப். செக்கிங் மேசைக்காரிக்கு வேறு என்ன பெயர் தோன்றும்!

மயிலாத்தாளுக்குப் பூனை ஆகாது.

"ஏ அம்மிணி, இதையெல்லாம் உன்ற ரூமுக்குள்ளயே வெச்சுக்கோணும். காத்தால எந்திரிச்சதும் என்ற கண்ணுல கறுப்புப் பூனை படக்கூடாது, சொல்லிப்போட்டேன்."

"சரிங்கம்மா."

காலர் அதை மதிக்கவில்லை. தினமும் மயிலாத்தாள் வாசல் தெளிக்கிற நேரம் பார்த்துக் குறுக்கே போவான். அவள் மீதித் தண்ணீரை அவன்மேல் வீசுவாள். மூன்று வருடம் இப்படியே நடந்தது. ரிப் சாது. பெரியவளான பிறகும் ரோஸ்மேரியின் மடியில் ஏறி, முந்தானை நுனியை வாயில் வைத்துக் கண்ணை மூடிச் சப்புகிற பழக்கம் மட்டும் விடவில்லை. அவளுடைய சேலைகள் எல்லாவற்றிலும் ஒரு மூலை நைந்துபோயிருந்தது.

2006இல் மேனேஜர் அவளைக் கூப்பிட்டார். மொரீசியஸில் ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனிக்கு அனுபவமுள்ள செக்கர்கள் வேண்டும், மூன்று வருட ஒப்பந்தம், போகிறாயா என்று கேட்டார். ஊர்ப்பக்கம் யாருமே அதுவரை விமானம் ஏறியதில்லை. திரும்பி வந்தால் திருப்பூருக்கு வெளியே இரண்டு சென்ட் நிலம் வாங்கி, ஓர் அறையும் சமையலறையுமாகக் கட்டலாம். சொந்த வீட்டில் பூனை வளர்க்க யாரிடமும் கேட்க வேண்டாம். அதை நினைத்துத்தான் சரி என்றாள். அறைக்கு வந்து கதவைத் திறந்ததும் இரண்டும் காலைச் சுற்றின. அப்போதுதான், மூன்று வருடத்துக்கு இவற்றை என்ன செய்வது என்பது உறைத்தது.

தெரிந்தவர்கள் எல்லோரையும் கேட்டுப் பார்த்தாள். ஒருத்தி வீட்டில் கைக்குழந்தை, ஒருத்தி வீட்டில் கிளி. மயிலாத்தாளிடம் கேட்கவே இல்லை. கடைசியில் ஒத்துக்கொண்டவர் திருமூர்த்தி. செக்கிங்கில் கழிக்கிற செகண்ட்ஸ் துணியை மொத்தமாக வாங்கி, காதர்பேட்டையில் விற்கிற வியாபாரி.

"எலித் தொல்லை தாங்க முடியலீங்க அம்மிணி. ஒரு பண்டலைப் பிரிச்சா பாதி சல்லடையாக் கெடக்குது. குடுங்க, நான் பாத்துக்கறேன்."

"ரெண்டையும் பிரிக்காம வச்சுக்கிடணும், அண்ணாச்சி."

"பிரிக்கமாட்டேனுங்க."

புறப்படுவதற்கு முந்தின நாள் கூடையில் வைத்து ஆட்டோவில் கொண்டுபோனாள். குடோனில் கூடையைத் திறந்ததும் காலர் குதித்து, பண்டல்களின் உச்சிக்கு ஏறி அங்கிருந்து அவளைப் பார்த்தான். ரிப் வெளியே வரவே இல்லை. கூடையை அப்படியே விட்டுவிட்டு, அதன் வாயைக் கட்டியிருந்த பழைய சேலைத் துண்டை உள்ளே வைத்துவிட்டு வந்தாள். ஆட்டோவில் கூடை இல்லாத மடியில் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

மொரீசியஸ் அவள் நினைத்ததைவிட நன்றாகவே இருந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு நடுவில் கம்பெனி. ஒரே ஹாலில் பன்னிரண்டு கட்டில். அந்த ஊரில் சிலருக்குத் தமிழ்ப் பெயர் இருந்தது, ஆனால் தமிழ் தெரியவில்லை. ஞாயிறு கோயிலில் பாட்டு புரியவில்லை, ராகம் தெரிந்தது. மாதம் ஒருமுறை கார்டு வாங்கித் திருமூர்த்திக்குப் போன் செய்வாள். "இருங்க, தர்றேன்" என்று அவர் போனைப் பூனையிடம் கொண்டுபோவார். காலர் ஒருநாளும் பேசியதில்லை. ரிப் இரண்டு முறை கத்தியது. அந்த இரண்டு முறையும் ஹாலில் எல்லாருக்கும் சொல்லிச் சிரித்தாள்.

2009 ஜனவரிக்குப் பிறகு அந்த நம்பர் கிடைக்கவில்லை. வெளிநாட்டு ஆர்டர்கள் குறைந்து திருப்பூரில் கம்பெனிகள் ஷிப்டைக் குறைத்திருக்கின்றன என்று கேள்விப்பட்டாள். கடை நம்பருக்கு அடித்தாள், அதுவும் இல்லை. மீதியிருந்த மாதங்களில் அவள் தூங்குவதற்கு முன் சொல்கிற ஜெபத்தில் இரண்டு பெயர்கள் கூடிக்கொண்டன. பங்குச் சாமியாரிடம் இதைச் சொன்னால் என்ன சொல்வாரோ என்று அவளுக்கே சிரிப்பு.

ஆகஸ்டில் ஊர் திரும்பினாள். அண்ணன் வீட்டில் நாலு நாள் இருந்துவிட்டு நேரே திருப்பூர் வந்து, லாட்ஜில் பெட்டியைப் போட்டுவிட்டுக் காதர்பேட்டைக்குப் போனாள். திருமூர்த்தியின் கடையில் பள்ளிக்கூடப் பைகள் தொங்கின. பக்கத்துக் கடைக்காரர் சொன்னார்: "அவுரு கடைய எடுத்துட்டுத் தோட்டத்துக்கே போயிட்டாருங்க. அவிநாசிபாளையத்துல எறங்கிப் பேரச் சொன்னா ஆரும் காட்டுவாங்க."

தாராபுரம் பஸ் பிடித்தாள். தோட்டத்தில் திருமூர்த்தி மாட்டுக்குச் சோளத்தட்டு போட்டுக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் கையில் இருந்த தட்டுக்கட்டு நழுவியது. அவர் மனைவி இந்துமதி நாற்காலி போட்டு, டீ வைக்கப் போனாள். அவர் உட்காரவில்லை.

"ஒண்ணு இருக்குதுங்க அம்மிணி. ஒண்ணைத் தவற விட்டுப்போட்டேன்."

"எத, அண்ணாச்சி?" என்றாள் ரோஸ்மேரி.

"கடைய எடுக்கற அன்னிக்கு ரெண்டையும் சாக்குல கட்டி வண்டீல வெச்சனுங்க. காலரு சாக்கைக் கிழிச்சுட்டுக் குதிச்சுட்டான். மூணு நாள் காதர்பேட்டை பூராத் தேடுனனுங்க, கெடைக்கல. உங்ககிட்ட என்னத்தைச் சொல்றதுன்னு தெரியாமத்தான், நம்பர் மாத்துனதைக்கூடச் சொல்லாம இருந்துட்டேன். தப்புத்தானுங்க."

கோபப்பட வேண்டும் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. ஆனால் அந்த மனிதர் நின்ற நிலையைப் பார்த்தபோது கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது. இந்துமதி டீயைக் கையில் கொடுத்தாள்.

அப்போது தட்டுப்போரின் மேலிருந்து ஒரு சாம்பல் நிறப் பூனை இறங்கியது. பெருத்திருந்தது. பின்னால் இரண்டு குட்டிகள். அது ரோஸ்மேரியைத் தாண்டிப் போய், பால் சட்டியை முகர்ந்துவிட்டு, வெயிலில் உட்கார்ந்து காலை நக்கியது. "ரிப்" என்று கூப்பிட்டாள். காது மட்டும் திரும்பியது. மூன்று வருடம் ஆயிற்றே, அதற்கென்ன ஞாபகம் இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். டீயைக் குடித்து, மொரீசியஸ் கதையை இந்துமதிக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். கால்மணி நேரம் போயிருக்கும். மடியில் ஒரு கனம் ஏறியது. ரிப் இரண்டு சுற்றுச் சுற்றிப் படுத்து, முன்கால்களால் வயிற்றை மாற்றி மாற்றி அமுக்கியது. பிறகு முந்தானையைத் தேடி நுனியைப் பிடித்து, கண்ணை மூடிச் சப்பத் தொடங்கியது.

"இங்க ஒருநாளும் இப்படிப் பண்ணுனதில்லீங்களே!" என்றாள் இந்துமதி.

புதுச் சேலை, விமான நிலையத்துக்கென்றே எடுத்தது. ரோஸ்மேரி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸையும் விட்டாள்.

வீடு பார்த்ததும் வந்து கூட்டிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு, மறுநாள் காலை மயிலாத்தாளிடம் போனாள். பழைய அறை இல்லாவிட்டாலும் ஏதாவது ஓர் அறை காலியிருக்கும், பூனை இருக்கிறது என்று முன்பே சொல்லிக் கேட்டுப் பார்ப்போம் என்று நினைத்துக்கொண்டு போனாள். முன்வீட்டுக் கதவு திறந்திருந்தது. மயிலாத்தாள் டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து நாற்காலியில், மடித்துப் போட்ட துண்டின் மேல், கழுத்தில் வெள்ளையோடு ஒரு கறுப்புப் பூனை படுத்திருந்தது.

ரோஸ்மேரிக்கு வாசற்படியிலேயே கால் நின்றுவிட்டது.

"அடடே, வா அம்மிணி! எப்ப வந்தே? எளைச்சுட்டியே!"

"அம்மா... இது யாரோட பூனைங்க?"

மயிலாத்தாள் டிவி சத்தத்தைக் குறைத்தாள். "உன்றதுதான். தெரியலியா?"

பொங்கல் கழிந்த வாரத்தில் ஒருநாள் காலை வாசல் தெளிக்க வந்தபோது, கடைசி அறைக் கதவோரம் படுத்துக் கிடந்ததாம். காலெல்லாம் புண், ஒரு காது கிழிந்து. காதர்பேட்டையிலிருந்து நாலு கிலோமீட்டர். அத்தனை ரோடும் லாரியும் தாண்டி எந்த வழியாக வந்தான், எத்தனை நாளாக வந்தான் என்பது யாருக்கும் தெரியாது. அறையில் வேறு குடித்தனம் இருந்தது, அவர்கள் விரட்டினார்கள். கதவை விட்டு அவன் போகவில்லை.

"நானும் தண்ணி ஊத்தி வெரட்டத்தான் பாத்தேன். ஒரு அடி நகரல. அப்படியே நனைஞ்சுக்கிட்டு என்னையவே பாத்தான் பாரு... எனக்கு ஒரு மாதிரி ஆயிப்போச்சு. மஞ்சளை அரைச்சுப் போட்டேன். பால் ஊத்துனேன். அப்பறம் எங்க போறது? இருந்துக்கிட்டான்."

"காலர்" என்று ரோஸ்மேரி கூப்பிட்டாள்.

"இப்ப ராசுன்னாத்தான் திரும்புவான்" என்றாள் மயிலாத்தாள், கொஞ்சம் அவசரமாக.

ஆனால் அவன் திரும்பினான். இறங்கி வந்து அவள் பாதத்தை வெகுநேரம் முகர்ந்தான். விரல், குதிகால், சேலைக்கரை. பிறகு தலையை அவள் கணுக்காலில் ஒருமுறை அழுத்தமாக முட்டினான். அவ்வளவுதான். திரும்பிப் போய்த் துண்டின் மேல் ஏறிப் படுத்துக்கொண்டான். மயிலாத்தாளின் கை தானாகவே அவன் முதுகுக்குப் போனது. அதைப் பார்த்தபோதே ரோஸ்மேரிக்கு விளங்கிவிட்டது.

நடுவில் ஓர் அறை காலியிருந்தது. அதில் குடிவந்து, பழைய கம்பெனியிலேயே செக்கிங் சூப்பர்வைசராகச் சேர்ந்தாள். ஞாயிறன்று ரிப்பையும் ஒரு குட்டியையும் அவிநாசிபாளையத்திலிருந்து கொண்டுவந்தாள். இன்னொரு குட்டியை இந்துமதி தரமாட்டேன் என்றுவிட்டாள். கூடப்பிறந்த இரண்டும் ஒன்றையொன்று கண்டதும் கட்டிப்பிடித்துக்கொள்ளும் என்று ரோஸ்மேரி எதிர்பார்த்திருந்தாள். முதுகு மயிரைச் சிலிர்த்துச் சீறின. ரிப் ஓங்கி ஓர் அறை விட்டது. "உன்ற தங்கச்சிடா ராசு!" என்று மயிலாத்தாள் சமாதானம் செய்தாள். ஒரு மாதம் கழித்து, எல்லை பிரித்துக்கொண்டதுபோல், வாசலில் இரண்டு முழம் தள்ளித் தள்ளிப் படுத்தன.

அடுத்த வருடம் ரோஸ்மேரியின் வீடு எழுந்தது. லைன் வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடை. சாமான் ஏற்றுகிற அன்று மயிலாத்தாள் ஒரு கூடையோடு வந்தாள். உள்ளே காலர், மூடி நன்றாகக் கட்டியிருந்தது.

"உன்றதை நீ கூட்டிட்டுப் போயிரு அம்மிணி. நான் ஒண்ணும் நெனைச்சுக்கமாட்டேன்."

அவள் கண் சிவந்திருந்தது. கூடை இல்லாமல் ஆட்டோவில் திரும்பிய நாள் ரோஸ்மேரிக்கு நினைவுக்கு வந்தது. கயிற்றை அவிழ்த்துவிட்டாள். "அவன் இங்கதான தேடி வந்தாம்மா. இங்கயே இருக்கட்டும். நான் அடிக்கடி வந்து பாத்துக்கிடுதேன்."

"நெசமாலுமா?"

"நெசமாத்தான்."

புது வீட்டை ஜெபித்து மந்திரிக்கிற அன்று சாமியாருக்கு அடுத்தபடியாக வந்தவள் மயிலாத்தாள்தான். கூடையில் காலரும் வந்திருந்தான். புது சிமெண்ட் வாசனையை மூலைக்கு மூலை முகர்ந்தான், ரிப்பிடம் ஓர் அறை வாங்கினான், குழம்பில் கிடந்த மத்தி மீன் ஒன்றைத் தின்றான். சாயங்காலமானதும் கூடைக்குள் தானே போய் உட்கார்ந்துகொண்டான்.

"பாத்தியா அம்மிணி, ஊட்டுக்குப் போலாங்கறான்" என்றாள் மயிலாத்தாள், பெருமை தாங்காமல்.

ரோஸ்மேரி சிரித்துக்கொண்டே மீதி மீனைத் தூக்குப் போசியில் போட்டுக் கொடுத்து, தெருமுனை வரை கூடையைத் தானே தூக்கிக்கொண்டு நடந்தாள்.