தோளில் நின்ற முக்காடு

காலையில் வண்டியை எடுக்கும் முன் என் மகள் திவ்யா நடத்தும் கூத்தை நீங்கள் ஒருநாள் வந்து பார்க்க வேண்டும். துப்பட்டாவைத் தலைக்கு மேல் போட்டு, காதோரம் இழுத்து, மூக்கை மூடி, பின்கழுத்தில் ஒரு முடிச்சு. அதற்கு மேல் ஹெல்மெட். கண் மட்டும்தான் பாக்கி. கேட்டால் வெயில் என்பாள், தூசி என்பாள், முடி கொட்டுகிறது என்பாள். காலை நேரத்தில் ஆரணி பேருந்து நிலையத்துப் பக்கம் நின்று பாருங்கள், ஸ்கூட்டியில் போகிற பெண்கள் அத்தனை பேரும் இப்படித்தான். எந்த வீட்டுப் பெண், எந்தச் சாமி கும்பிடுகிற பெண் என்று பெற்றவளாலேயே சொல்ல முடியாது.

வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் என் அம்மா, "நல்லா இழுத்துக் கட்டுடி, வெய்யிலு கொளுத்துது" என்று பேத்திக்கு யோசனை சொல்கிறாள். எனக்கு வயிறு எரிகிறது. இதே அம்மா, தலையில் ஒரு துண்டைப் போட்டதற்காக என் முதுகில் வைத்த அடி இன்னும் மறக்கவில்லை.

போன மாதம் ஒரு மத்தியானம் அப்படிக் கண் மட்டும் தெரிய ஒரு பெண் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினாள். திவ்யாதான் சீக்கிரம் வந்துவிட்டாள் என்று நினைத்து, "சோறு வெக்கட்டுமா?" என்று உள்ளேயிருந்தே கேட்டேன். "ஆன்ட்டி, நான் அஃப்ரின். நூர்ஜஹான் பொண்ணு" என்றது குரல். கையிலிருந்த கரண்டியை எங்கே வைத்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

நூர்ஜஹான் எங்களுக்கெல்லாம் நூரு. பள்ளியில் என் பக்கத்து இடம், வீட்டுக்கு ஒரு தெரு தள்ளி. அஃப்ரின் கைக்குழந்தையாக இருக்கும்போதே நூரு காய்ச்சலில் போய்விட்டாள். நான் அப்போது சென்னையில் இருந்தேன். சேதியே எனக்குத் தாமதமாகத்தான் வந்தது. குழந்தையை ஆம்பூரில் அப்பா வீட்டார் வளர்த்தார்கள். இப்போது அதற்குக் கல்யாணம். பட்டு எடுக்க ஆரணி வந்தவளிடம், உங்கம்மாவின் சிநேகிதி இங்கே இருக்கிறாள் என்று ஊரிலேயே இருக்கும் அவளுடைய மாமா சொல்லி, வண்டியையும் கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

"அம்மா போட்டோ ஒண்ணு கூட எங்க வீட்ல இல்ல ஆன்ட்டி. நிக்கால போட்டோவே எடுக்கலையாம். ஓட்டர் கார்டுல இருக்கறது மூஞ்சியா நிழலான்னே தெரியல. உங்க கல்யாணத்துக்கு அம்மா வந்தாங்களாமே. அதுல இருக்குமா?"

இருந்தது. ஒன்றே ஒன்று. ஆல்பத்தில் அது எந்தப் பக்கம் என்றுகூட எனக்குத் தெரியும். ஆனால் நான் சொன்ன பதில், "தேடிப் பாக்கறேம்மா, ஞாயித்துக்கெழம வா" என்பதுதான்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று புரிய வேண்டுமானால் எங்கள் வீட்டு நடைமுறையைச் சொல்ல வேண்டும். எங்களுடையது பட்டுத்தறி வீடு. நடுக்கூடத்தில் தறி, மிச்சமிருக்கும் இடத்தில் நாங்கள். தறி இருக்கிற இடத்தில் பெண்பிள்ளை தலையில் துணி போடக்கூடாது. குளித்துவிட்டு வந்தால் ஈரத் துண்டைக்கூட கொண்டையாக முடியலாம், முக்காடாகப் போடக்கூடாது. முக்காடு என்றால் எங்களுக்கு எழவு, அவ்வளவுதான். நூரு வீட்டிலோ நேர்மாறு. மசூதியில் பாங்கு சொல்லும் சத்தம் கேட்டால் நூருவின் அம்மா, நாங்கள் பல்லாங்குழி ஆடிக்கொண்டிருந்தாலும், "ஜல்தி தலைல போடுங்கடி" என்பார். எனக்கும் சேர்த்துத்தான். நான் பாவாடைக்காரி. தலையில் போட ஏதும் இருக்காது. தன் சின்னத் தாவணியின் முந்தானை நுனியை நூரு என் தலைமேல் தூக்கிப் போடுவாள். நீலம் போட்டுக் காயவைத்த துணியின் வாசனையும் அவள் அப்பாவின் அத்தர் வாசனையும் கலந்து அடிக்கும்.

அந்த ருசியில்தான் ஒருநாள் வீட்டிலும் துண்டைப் போட்டுக்கொண்டு தறி முன்னால் உட்கார்ந்தேன். "இன்னாடி இது, தலைல துணியப் போட்டுகினு? நல்லா கீற வூட்ல?" என்று அம்மா வைத்ததுதான் நான் மேலே சொன்ன அடி.

தலையில் துணி போடுவதில் ஊருக்குள் எத்தனை விதம் இருந்தது என்று அதற்குப் பிறகுதான் கவனிக்க ஆரம்பித்தேன். அடி வாங்கினால் பொது அறிவு வளரும் போலிருக்கிறது. எங்கள் கணக்கு டீச்சர் வேதக்காரர். ஜெபம் தொடங்கும்போது சேலைத் தலைப்பைத் தூக்கித் தலையில் போடுவார், ஆமென் சொன்னதும் இறக்கிவிட்டுப் பிரம்பை எடுப்பார். நாங்கள் அந்த ஜெபம் நீளட்டும் என்று வேண்டிக்கொள்வோம். அடகுக்கடை சேட்டம்மா மாமனார் கடைக்குள் வந்தால் மட்டும் முகம்வரை இழுத்துவிடும், அவர் போனதும் தூக்கிவிட்டு எங்களைப் பார்த்துச் சிரிக்கும். வந்தவாசிப் பக்கம் ஒரு ஜைனக் கோயிலுக்குப் பள்ளியில் கூட்டிப்போனபோது, வெள்ளைச் சேலையால் தலையைப் போர்த்திய பெண் துறவி ஒருவர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். நான் நூருவின் காதில், "பாவம், யாரு செத்தாங்க?" என்றேன். "ஏண்டி, துணியப் பாத்தா ஒனக்கு சாவுதான் ஞாபகம் வருமா?" என்றாள் அவள். எனக்கு அதுதான் ஞாபகம் வரும். அப்போது என் அப்பா இறந்து அதிக நாள் ஆகியிருக்கவில்லை.

அப்பாவின் கருமாதியன்று, மாமா கொண்டுவந்த கோடிப் புடவையை அம்மாவின் தலையில் போட்டார்கள். அதற்கு மேல் இன்னொருவர் கொண்டுவந்தது, அதற்கும் மேல் இன்னொன்று. துணிக் குவியலுக்குள் அம்மாவின் முகம் எங்கே என்று நான் தேடினேன். குனிந்து பார்த்தால் மூக்குத்தி இல்லாத மூக்கு தெரிந்தது. நான் கத்திய கத்தலில் பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டார்கள். நூருவின் அம்மா, அந்நாளில் முஸ்லிம் பெண்கள் வெளியே வரும்போது போர்த்தும் வெள்ளைத் துப்பட்டியோடு வந்து என்னைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்ளப் பார்த்தார். நான் அவரிடமும் போகமாட்டேன் என்று திமிறினேன். எனக்கு இரண்டு முக்காடும் ஒன்றாகத்தான் தெரிந்தது. அவர் துப்பட்டியை மெல்ல மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு, சேலைத் தலைப்பை மட்டும் கொஞ்சம் பின்னால் தள்ளி, முகத்தை நன்றாகக் காட்டிச் சிரித்து, மறுபடியும் கையை நீட்டினார். அப்புறம்தான் போனேன். வீடு நிறைய ஆண்கள் இருந்தார்கள் என்பது பெரியவளான பிறகுதான் எனக்கு உறைத்தது.

என் கல்யாணத்துக்கு வருவோம். நூருவுக்குச் சில மாதங்களுக்கு முன்பே நிக்கா முடிந்திருந்தது. அவளுக்கு எடுத்த மாம்பழ நிறப் பட்டு எங்கள் வீட்டுத் தறியில் இறங்கியதுதான். நெய்கிற இடத்தில் தலையில் துணி போடக்கூடாது, நெய்து முடிந்த சேலை அவள் தலையில் ஏறிக்கொள்ளலாம். இந்த வேடிக்கையைச் சொல்லி நாங்கள் இருவரும் சிரித்திருக்கிறோம். அதையே கட்டி, தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு என் கல்யாணத்துக்கு வந்தாள். கறுப்பு அங்கி இல்லை, வெள்ளைத் துப்பட்டி இல்லை. பார்ப்பவர்களுக்கு எங்கள் வீட்டுப் பெண் போலவே இருந்தாள், முக்காடு ஒன்றைத் தவிர. அம்மா அன்று மேடைக்கு வரவில்லை. அந்த நாளில் புருஷனில்லாதவள் மகளின் தாலிகட்டைத் தூண் ஓரமாக நின்று பார்ப்பதுதான் வழக்கம். தனியாகவா மேடையில் நிற்பேன் என்று நான்தான் நூருவைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டேன்.

தாலி கட்டியாகிவிட்டது. போட்டோக்காரர் எல்லோரையும் வரிசையாக நிறுத்திக்கொண்டிருந்தார். என் மாமியாரின் நாத்தனார், வெளியூர்க்காரர், கீழேயிருந்து ஏறி வந்தவர் நூருவைப் பார்த்து நின்றுவிட்டார்.

"யார்றி அவ, மணவறைகிட்ட முக்காடு போட்டுகினு நிக்கறா? அறுத்தவள எல்லாம் யாரு மேல ஏத்தினது?"

அவர் ரகசியமாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டுதான் சொன்னார். மேளம் அந்த நேரம் பார்த்து நின்றிருந்தது. புதுசாகக் கல்யாணமான பெண்ணைப் பார்த்து, தாலி அறுத்தவள் என்று.

நான் திரும்பி, "இவ முஸ்லிம், என் சிநேகிதி, இவளுக்கு இதுதான் மரியாதை" என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு வரி. மணப்பெண் வாயைத் திறக்கக்கூடாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லி இத்தனை வருஷம் ஓட்டிவிட்டேன். ஆனால் நூரு காத்திருக்கவில்லை. என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு அவள் கையே எழுந்து தலைப்பைப் பின்னால் இறக்கித் தோளில் விட்டது. அத்தனை ஆண்களுக்கு நடுவில், போட்டோ விளக்கு வெளிச்சத்தில், அவள் தலைமுடி எல்லோருக்கும் தெரிந்தது. போட்டோக்காரர், "மேடம், சிரிங்க" என்றார்.

உங்களிடம் மறைப்பானேன். அவள் முக்காட்டை இறக்கியபோது எனக்கு வெட்கம் வரவில்லை. நிம்மதி வந்தது. அப்பாடா, மேடையில் எழவின் நிழல் போனது என்று நினைத்துக்கொண்டேன். பல்லாங்குழியின் நடுவே யாருடைய முந்தானைக்குள் தலையை நுழைத்தேனோ, அவளுடைய முந்தானையைப் பார்த்து நானும் அந்த அம்மாளைப் போலத்தான் பயந்துகொண்டு நின்றிருக்கிறேன். பேசாமல் இருந்ததைவிட இதுதான் என்னைக் குடைகிறது. அன்று அவள் சாப்பிட்டாளா, சாப்பிடாமல் போனாளா என்றுகூட எனக்குத் தெரியாது.

பிறகு ஒரே ஒரு தடவை பார்த்தேன். திவ்யா பிறந்து அம்மா வீட்டில் இருந்தபோது வந்தாள். அப்போது அவள் முழுகாமல் இருந்தாள், வயிற்றில் அஃப்ரின். நான் தட்டுத்தடுமாறி, "நூரு, அன்னிக்கு மேடைல..." என்று ஆரம்பித்தேன். "அத்த வுடுடி. புள்ளைக்கு இன்னா பேரு வெச்ச?" என்று குழந்தையை வாங்கிக்கொண்டாள். நானும் விட்டுவிட்டேன். விடு என்று யாராவது சொன்னால் உடனே விட்டுவிடுவதில் எனக்குச் சாமர்த்தியம் அதிகம்.

ஞாயிற்றுக்கிழமைக்கு முன் ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு ஸ்டுடியோவுக்குப் போய், நூருவின் முகத்தை மட்டும் தனியாக எடுக்க முடியுமா என்று விசாரித்தேன். கடைக்காரர் படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, "எதுக்குங்க வெட்டணும், முக்காடே போட்டுடலாம்" என்று எவளோ ஒருத்தியின் ரோஜா நிற முக்காட்டைக் கொண்டுவந்து நூருவின் தலையில் கவிழ்த்தார். நூரு அடகுக்கடை சேட்டம்மா ஆகிவிட்டாள். வேண்டாம் என்று ஆல்பத்தை வாங்கிக்கொண்டு வந்தேன். இறக்க வைத்தவளே இப்போது போட்டும் விடுவாளா?

அஃப்ரின் வந்தாள். கூடத்தில் முடிச்சை அவிழ்த்துத் துப்பட்டாவை எடுத்தபோது அதே சுருட்டை முடி. ஆல்பத்தைத் திறந்தேன், அந்துருண்டை வாசனை. அவள் குனிந்து படத்தை முகத்தருகே வைத்துப் பார்த்தாள். பிறகு தன் காதோரத்தைத் தொட்டுப் பார்த்து, "முடி அப்படியே எனக்கு" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்போடு போயிருந்தால் நான் தப்பித்திருப்பேன்.

"கை ஏன் ஆன்ட்டி இப்படி இருக்கு?"

அப்போதுதான் நானும் சரியாகப் பார்த்தேன். நூருவின் வலது கை தோளில் கிடந்த தலைப்பை இறுகப் பிடித்திருக்கிறது. விளக்கு அணைந்த அடுத்த நொடி மேலே இழுத்துக்கொள்ளத் தயாராக.

எல்லாவற்றையும் சொன்னேன். அந்த அம்மாள் சொன்னதை, நான் பேசாமல் நின்றதை, எனக்கு வந்த நிம்மதியையும். அஃப்ரின் தன் துப்பட்டாவை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். என்மேல் கோபமா, அம்மாவுக்கு மரியாதையா, நான் கேட்கவில்லை. செல்போனில் படம் எடுக்கவும் இல்லை. "இதையே எடுத்துக்கட்டுமா காலா?" என்றாள். காலா என்றால் அவர்கள் வீட்டில் அம்மாவின் கூடப்பிறந்தவள். "ஆம்பளைங்க யாருக்கும் காட்ட மாட்டேன். வாட்ஸ்அப்ல போட மாட்டேன். நான் மட்டும் பாத்துக்கறேன்."

ஆல்பத்தின் பசை விடாமல் பிடித்தது. மெல்லப் பிரித்துக் கொடுத்தேன். கொடுக்கும்போது, "என் பக்கத்த வெட்டிட்டுத் தரட்டுமாம்மா?" என்று கேட்டேன்.

"வேணாம் காலா. நீங்களும் இருங்க."

நூரு இருந்த தெருவில் இப்போது வண்டி நிறுத்த இடமில்லாத அளவுக்குக் கடைகள். வெள்ளைத் துப்பட்டி போர்த்திய ஒருத்தரை ஊரில் பார்த்து எத்தனையோ காலம் ஆகிறது. தறியை எடுத்த இடத்தில் டிவி இருக்கிறது, அதன் முன்னால் அம்மா தலைக்குத் துண்டைப் போட்டுக்கொண்டு சீரியல் பார்க்கிறாள், குளிருகிறதாம். என் ஆல்பத்தில் அந்தப் பக்கத்தில் பசைக் கறை மட்டும் மஞ்சளாகக் கிடக்கிறது. நூருவின் முகம் இனி என்னிடம் இல்லை. ஆம்பூரில் ஒரு பெண் தன் அம்மாவைப் பார்க்க வேண்டும் என்று தோன்றும்போதெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு அந்தப் படத்தை எடுப்பாள். தோளில் நிற்கும் அந்தக் கைக்குப் பக்கத்தில் நானும் இருப்பேன், மாலையும் கழுத்துமாக, சிரித்துக்கொண்டு.