இரண்டு கார்டு இருந்தும் மொட்டைப் படம் இல்லை

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் போகாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். தாராளமாகப் போங்கள். என்னை மாதிரி போகாதீர்கள் என்று சொல்லத்தான் எழுதுகிறேன். ஒரு வாரம் ஆகியும் என் மேல் எனக்குள்ள ஆத்திரம் அடங்கவில்லை.

தங்கை செல்வியின் மகள் யாழினிக்கு ஆவணியில் முதல் மொட்டை. இடம், ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த திருவண்ணாமலை. இது பெருமாள் மலை; தீபம் ஏற்றும் அந்தத் திருவண்ணாமலை இல்லை. யாழினியின் அப்பாவுக்குக் குவைத்தில் வேலை, லீவு கிடைக்கவில்லை. "நான் பாக்காட்டியும் ஒங்க கேமரா பாக்கும்லா மச்சான், அது போதும்" என்று போனில் சொல்லியிருந்தார்.

சென்னையிலிருந்து இரவு ரயில். சனிக்கிழமை காலை ஆறேகாலுக்கு ராஜபாளையத்தில் இறங்கினேன். செல்வியின் கொழுந்தன் கார்த்தியின் பைக்கில் அய்யனார் கோயில் அருவிக்குப் போனோம். ஊருக்கு மேற்கே சுமார் பத்து கிலோமீட்டர். தண்ணீர் சுமார்தான், மலை அழகு. மத்தியானம் ராஜபாளையம் நாய் வளர்க்கும் ஒருவர் வீட்டில் மூன்று மணி நேரம் இருந்தோம்.

என் புத்தி கெட்டது அருவியில்தான். என் கேமராவில் இரண்டு மெமரி கார்டு போடலாம். ஒரே படத்தை இரண்டிலும் எழுத வைக்கலாம். ஒன்று கெட்டாலும் இன்னொன்று காப்பாற்றும். அல்லது முதல் கார்டு நிறைந்ததும் அடுத்ததற்குப் போக வைக்கலாம். எப்போதும் முதல் முறையில்தான் வைத்திருப்பேன். அன்று இடம் பத்தாது என்று மாற்றித் தொலைத்தேன். ஒரு வெள்ளை நாயை நானூறு படம் எடுக்க வேண்டாமா? இரண்டாவது கார்டு பழசு, முன்பே ஒரு தடவை மக்கர் செய்தது. நகல்தானே என்று அதையே ஓட்டிக்கொண்டிருந்தேன். இப்போது அது நகல் இல்லை என்பது மட்டும் மண்டையில் ஏறவில்லை.

ஞாயிறு காலை ஏழரைக்கு பஸ். ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர், அரை மணி நேரம், பதினைந்து ரூபாய். அங்கிருந்து மலையடிவாரத்துக்கு ஆட்டோ நூற்றைம்பது. "புரட்டாசி சனின்னா இந்த ரேட்டுக்கு வர மாட்டேன் அண்ணாச்சி, கூட்டத்துல பாதி வழியிலயே எறக்கி விட்ருவேன்" என்றார் டிரைவர். புரட்டாசியில் போகிறவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

மொட்டை தாய்மாமன் மடியில்தான். அதாவது படம் எடுக்கிறவனும் நான், மடியும் நான். கேமராவைக் கார்த்தியிடம் கொடுத்தேன். சொந்தக்காரர்கள் எல்லோரும் போனைத் தூக்கினார்கள், செல்வியும்தான். எனக்குப் பொறுக்கவில்லை.

"எல்லாரும் போனை உள்ள வைங்க. படத்துல கை கையா விழுது. நல்ல கேமரா இருக்குல்ல?"

வைத்துவிட்டார்கள். கத்தி பட்டதும் யாழினி வீறிட்டு அழுது, என் மணிக்கட்டைக் கடித்துவிட்டாள். அதற்குச் சற்று முன், அவளை மடியில் வைத்ததுமே கார்த்தி, "மச்சான், ஒண்ணாம் நம்பர் கார்டு ரெண்டுன்னு மாறிருச்சு, பரவால்லயா?" என்று கேட்டான். "நீ எடு மாப்ளே, அதுபாட்டுக்கு மாறும்" என்றேன், பெருமையாக.

சாயங்காலம் செல்வி வீட்டில் லேப்டாப்பில் போட்டால் இரண்டாவது கார்டு திறக்கவே இல்லை. ராஜபாளையத்தில் ஒரு ஸ்டூடியோவுக்கு ஓடினேன். அங்கிருந்தவர் இரண்டு மணி நேரம் என்னென்னவோ செய்து பார்த்துவிட்டுக் கையை விரித்தார்.

"ஒண்ணு போனா இன்னொண்ணு இருக்கட்டும்னுதான அண்ணாச்சி கேமராக் கம்பெனிக்காரன் ரெண்டு கார்டு போடச் சொல்லுதான்? நீங்க ஒண்ணுக்குப் பொறவு ஒண்ணா ஓட விட்ருக்கியளே."

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அந்த மனிதர் மேல் அல்ல. கேமராவைப் பற்றி ஊருக்கே வகுப்பு எடுக்கும் இந்தப் பெரிய மனுஷன் மேல். முதல் கார்டில் அருவி இருக்கிறது, நாய் இருக்கிறது, கோயிலுக்குப் போகும் வழியில் பனைமரம்கூட இருக்கிறது. மடியில் குழந்தை உட்கார்ந்த பிறகு ஒன்றும் இல்லை. செல்வி திட்டவில்லை. "நாய்ப் படமெல்லாம் பத்திரமா இருக்குல்லண்ணே?" என்று மட்டும் கேட்டாள். திட்டியிருக்கலாம்.

போகிறவர்களுக்குச் சொல்கிறேன். திரும்ப எடுக்க முடியாத நாளென்றால் இரண்டு கார்டிலும் ஒரே படம் விழ வேண்டும். கிளம்பும் முன் அமைப்பைத் திறந்து பாருங்கள். இரண்டாவது கார்டும் நல்ல கார்டாக இருக்கட்டும். இடம் பத்தாவிட்டால் நாயைக் குறைத்துக்கொள்ளுங்கள். முக்கியமாக, யாருடைய போனையும் உள்ளே வைக்கச் சொல்லாதீர்கள்.

அன்று ராத்திரி ஒன்பது மணிக்குக் குவைத்திலிருந்து போன் வந்தது. நடந்ததைச் சொன்னேன். "ரொம்ப அழுதாளா மச்சான்?" என்று கேட்டார். காட்டுவதற்கு என்னிடம் எதுவும் இல்லை. மணிக்கட்டைப் பார்த்தேன். நான்கு சின்னப் பல்லின் தடம் இன்னும் சிவப்பாக இருந்தது. அதைப் போனில் படம் எடுத்து அனுப்பினேன்.